ஒரு கோள் எதனால ஆனதுன்னு நாமளே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி? உட்கோள், வெளிக்கோள் முழு வழிகாட்டி

"உட்கோள் நாலும் பாறை, வெளிக்கோள் நாலும் வாயு, அவ்வளவுதான்"னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான்: அப்போ யுரேனஸோட எடையில பாதியாவது வாயுவா இருக்குமா? இருக்காது. ஹைட்ரஜன், ஹீலியம் ரெண்டும் சேர்ந்தே அதுல பத்துல ஒண்ணோ ரெண்டோ பங்குதான். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி பேர் நின்னுடுறாங்க, ஏன்னா அவங்க பதிலை மனப்பாடம் பண்ணியிருக்காங்க, அந்தப் பதில் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவைகூட போட்டுப் பார்க்கல.

இந்தக் கணக்கை நிறைய பேர் கூட உட்கார்ந்து போட்டிருக்கேன். சறுக்குற இடம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒண்ணுதான், காற்று மண்டலத்துல இருந்து ஆரம்பிச்சுடுவாங்க. அது கடைசியில வர வேண்டிய விஷயம். கீழே இருக்குற வரிசையை மாத்தாம போங்க, ஒவ்வொரு படியும் முந்தின படியோட விடையை வெச்சுதான் நிக்குது.

## 1. முதல்ல எடுத்து வைக்க வேண்டியது

ஒரு கால்குலேட்டர், ஒரு தாள், எட்டு கோளோட நிறை, ஆரம். எல்லாத்தையும் பூமியோட ஒப்பிட்டு எழுதிக்கிட்டா கிலோகிராம்ல வர்ற இருபத்தஞ்சு சைபரை எண்ணிக்கிட்டு இருக்க வேண்டாம். பூமியோட நிறை 1, ஆரம் 1 (அதாவது 6,371 கி.மீ.)னு வெச்சுக்கிட்டா மத்தது இப்படி வரும்:

புதன்: நிறை 0.055, ஆரம் 0.383
வெள்ளி: நிறை 0.815, ஆரம் 0.950
செவ்வாய்: நிறை 0.107, ஆரம் 0.532
வியாழன்: நிறை 317.8, ஆரம் 10.97
சனி: நிறை 95.2, ஆரம் 9.14
யுரேனஸ்: நிறை 14.5, ஆரம் 3.98
நெப்டியூன்: நிறை 17.1, ஆரம் 3.86

நிறை எப்படித் தெரிஞ்சதுன்னு கேப்பீங்க. நிலா இருக்குற கோளுக்கு அந்த நிலா எவ்வளவு தூரத்துல எத்தனை நாளுக்கு ஒரு தடவை சுத்துதுன்னு பார்த்தாலே போதும். வியாழனோட ஐயோங்கிற நிலா 4,21,700 கி.மீ. தூரத்துல 1.77 நாளைக்கு ஒரு சுத்து சுத்துது, அந்த ரெண்டு எண்ணை கெப்ளர் மூணாம் விதியில (சுத்துற தூரத்தையும் நேரத்தையும் நடுவுல இருக்குறதோட நிறையோட சேர்க்குற விதி) போட்டா வியாழனோட நிறை வந்துடும். புதனுக்கும் வெள்ளிக்கும் நிலாவே இல்லாததால பக்கத்துல போன விண்கலத்தோட பாதை எவ்வளவு வளைஞ்சதுன்னு பார்த்துதான் துல்லியமா எடுத்தாங்க, புதனுக்கு அதைச் செஞ்சது 1974, 75ல போன மரைனர் 10.

இங்க ஒரு சொல் குழப்பம் இருக்கு, இப்பவே தீர்த்துக்கோங்க. பூமியோட பாதைக்கு உள்ளே சுத்துற கோள்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல புதனும் வெள்ளியும் மட்டும்தான் வரும், அது வானத்துல எப்படித் தெரியுதுங்கிறதை வெச்சுப் பிரிச்சது. நாம பேசப் போற உட்கோள்ங்கிறது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்குற சிறுகோள் பட்டைக்கு உள்ளே இருக்குற நாலு, அதுக்கு வெளியே இருக்குற நாலும் வெளிக்கோள். பழைய புத்தகம் ஒண்ணு, புதுப் புத்தகம் ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் படிச்சா பூமியும் செவ்வாயும் எந்தப் பக்கம்னே தெரியாமப் போயிடும்.

## 2. அடர்த்தியைப் போடுங்க

நிறையை ஆரத்தோட மும்மடியால, அதாவது ஆரத்தை மூணு தடவை பெருக்கினதால வகுங்க. வர்றதை 5.51ஆல பெருக்குங்க, அது பூமியோட அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு கிராம் கணக்குல.

செவ்வாய்க்குப் போட்டுப் பார்ப்போம். 0.532 × 0.532 × 0.532 = 0.151. 0.107ஐ இதால வகுத்தா 0.71. 5.51ஆல பெருக்கினா சுமார் 3.9. இதே மாதிரி எல்லாத்துக்கும் போட்டா புதன் 5.4, வெள்ளி 5.2, பூமி 5.5, செவ்வாய் 3.9, வியாழன் 1.33, சனி 0.69, யுரேனஸ் 1.27, நெப்டியூன் 1.64.

அடர்த்தியில இருந்து ஏன் தொடங்கணும்னா, கோள் முழுசையும் சேர்த்துப் பேசுற எண் அது ஒண்ணுதான். கண்ணுக்குத் தெரியுறது எல்லாம் தோல். பூமியைப் பாருங்க, மேல்பரப்புல 71 சதவீதம் தண்ணி, ஆனா பூமியோட மொத்த நிறையில கடல் எல்லாம் சேர்ந்து வெறும் 0.02 சதவீதம். தோலைப் பார்த்து எதனால ஆனதுன்னு சொன்னா பூமி ஒரு தண்ணி உருண்டைன்னு சொல்லிடுவோம்.

வழக்கமா வர்ற தப்பு சனியில. நிறைய அட்டவணையில நடுக்கோட்டு ஆரம் 60,268 கி.மீ.ன்னு போட்டிருப்பாங்க, அதை அப்படியே எடுத்துடுவாங்க. ஆனா சனி வேகமா சுத்துறதால தட்டையா இருக்கு, துருவத்துப் பக்கம் ஆரம் 54,364 கி.மீ.தான், கிட்டத்தட்ட ஆறாயிரம் கி.மீ. வித்தியாசம். நடுக்கோட்டு ஆரத்தைப் போட்டா அடர்த்தி 0.62ன்னு வரும், சரியான விடை 0.69. மும்மடி எடுக்குறதால ஆரத்துல இருக்குற சின்னத் தப்பு விடையில மூணு மடங்கா வந்து நிக்கும், அதனால எப்பவும் சராசரி ஆரம்தான் (சனிக்கு 58,232 கி.மீ.).

## 3. அமுக்கத்தைக் கழிக்காம எந்த முடிவுக்கும் வராதீங்க

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. புதன் 5.4, பூமி 5.5, அப்போ ரெண்டும் ஒரே சரக்குன்னு எழுதிடுவாங்க. அது தப்பு.

பெரிய கோள் தன்னோட எடையாலேயே தன்னை அமுக்கிக்கும். பூமியோட மையத்துல அழுத்தம் சுமார் 36 லட்சம் அட்மாஸ்பியர் (நம்ம தரையில காற்று தர்ற அழுத்தம் 1 அட்மாஸ்பியர்), அங்க இரும்பே கன சென்டிமீட்டருக்கு 13 கிராம் பக்கத்துல போயிடுது, நம்ம கையில இருக்குற இரும்பு 7.9தான். அதனால அமுக்கம் இல்லாம அதே பொருள் எவ்வளவு அடர்த்தியா இருந்திருக்கும்னு கேக்கணும். அப்படிப் பார்த்தா பூமி சுமார் 4 முதல் 4.4க்குள்ள இறங்கிடும் (எந்த மாதிரிக் கணக்குங்கிறதைப் பொறுத்து மாறும்), வெள்ளியும் அதே அளவுதான், செவ்வாய் 3.7 பக்கம். புதன் சின்னதா இருக்குறதால அதுக்கு அமுக்கமே ரொம்பக் கம்மி, 5.3லேயே நிக்கும்.

இப்போ படம் தலைகீழா மாறுதா? மேலோட்டமா பார்த்தப்போ பூமிதான் முதல் இடம், அமுக்கத்தைக் கழிச்சதும் புதன் தனியா மேல போய் நிக்குது. சூரியக் குடும்பத்துல எடைக்கு எடை இரும்பு அதிகமா இருக்குற கோள் புதன்தான்னு இந்த ஒரு படியிலதான் தெரியும்.

## 4. உட்கோளுக்கு: இரும்பையும் பாறையையும் கலந்து பாருங்க

அடர்த்தி கையில வந்தாச்சு, இனி எந்தெந்தப் பொருளைக் கலந்தா அந்த அடர்த்தி வரும்னு தேடணும். உட்கோளுக்கு ரெண்டு பொருள் போதும்: இரும்பு 7.9, மேன்டில் பாறை (கருவுக்கும் மேலோட்டுக்கும் நடுவுல இருக்குற பாறை) 3.3. வித்தியாசம் 4.6.

புதன்: 5.3ல இருந்து 3.3ஐக் கழிச்சா 2.0. அதை 4.6ஆல வகுத்தா 0.43. அதாவது கன அளவுல 43 சதவீதம் இரும்பு. நிறையில எவ்வளவுன்னு பார்க்க 0.43ஐ 7.9ஆல பெருக்கி 5.3ஆல வகுங்க, 65 சதவீதம் பக்கம் வரும்.

பூமி: அடர்த்தியை 4.0ன்னு எடுத்துக்கிட்டா 0.7 ÷ 4.6 = 0.15, நிறையில 30 சதவீதம். நிலநடுக்க அலையை வெச்சு அளந்தது சுமார் 32. ரெண்டே ரெண்டு பொருளை வெச்சு தாள்ல போட்ட கணக்கு இவ்வளவு பக்கத்துல வர்றதைப் பார்க்கும்போது இன்னிக்கும் எனக்கு மனசு நிறைஞ்சுடும்.

புதுசா போடுறவங்க கன அளவுப் பங்கையே நிறைப் பங்குன்னு எழுதிடுறாங்க, புதன் 43 சதவீதம் இரும்புன்னு முடிச்சுடுவாங்க. எந்தப் பங்குன்னு பக்கத்துலேயே எழுதி வைக்கிற பழக்கம் வெச்சுக்கோங்க, வெளிக்கோள்ல இதே குழி இன்னொரு தடவை வரும்.

நிஜத்துல மையக்கரு சுத்த இரும்பு கிடையாது. நிக்கல் கலந்திருக்கும், கூடவே கந்தகம், சிலிக்கான் மாதிரி லேசான பொருளும் கலந்திருக்கும், அதனால கரு நாம போட்டதைவிடப் பெருசா இருக்கும். செவ்வாய்ல இது நல்லாவே தெரியுது, 2018ல இறங்கின இன்சைட் கலம் அங்க நிலநடுக்கத்தைக் கேட்டுச் சொன்னதுல, செவ்வாயோட கரு திரவமாவும், சுத்த இரும்பைவிட ரொம்ப லேசாவும் இருக்குன்னு தெரிஞ்சது.

## 5. கனமானது உள்ளே இருக்கா, பரவி இருக்கான்னு சரிபாருங்க

அடர்த்தி சராசரியை மட்டும்தான் சொல்லும். இரும்பும் பாறையும் கொழுக்கட்டை மாதிரி தனித்தனியா இருக்கா, களி மாதிரி ஒண்ணாக் கலந்திருக்கான்னு அது சொல்லாது. அதுக்கு நிலைமத் திருப்புத்திறன் காரணின்னு ஒரு எண் வேணும், இதைக் கணக்குப் போட வேண்டாம், விண்கலம் அளந்ததை எடுத்துக்கலாம்.

முழுக்க ஒரே சீரான உருண்டைக்கு இந்த எண் 0.4. கனம் மையத்துல குவியக் குவிய இது குறையும். நம்ம நிலா 0.393, அங்க கரு ரொம்பச் சின்னது. செவ்வாய் 0.364, புதன் 0.346, பூமி 0.331. வியாழன் 0.27 பக்கம், சனி 0.22 பக்கம்.

சனியோட எண்ணைப் பார்த்துட்டு "அப்போ உள்ளே பெரிய இரும்புக் குண்டு இருக்கு"ன்னு எழுதுறவங்க உண்டு. அவசரப்படாதீங்க. வாயு அமுங்கி அமுங்கி உள்ளே அடர்த்தி ஏறினாலே இந்த எண் நிறைய இறங்கிடும். அதுக்கு மேல, சனியோட வளையத்துல தெரியுற அலையை காசினி கலம் எடுத்த அளவீடுகளை வெச்சு ஆராய்ஞ்சதுல, சனியோட கரு ஆரத்துல 60 சதவீதம் வரைக்கும் மங்கலாப் பரவி, ஹைட்ரஜனோட கலந்து கிடக்குதுன்னு தெரிஞ்சுது. 2016ல வியாழனுக்குப் போன ஜூனோவும் அங்க கரு கலங்கலாத்தான் இருக்குன்னு காட்டுச்சு. உட்கோள்ல கோடு போட்ட மாதிரி அடுக்கு, வெளிக்கோள்ல கலங்கின அடுக்கு. இந்த வித்தியாசமும் சேர்மானத்துல ஒரு பகுதிதான், ஆனா எந்த அட்டவணையிலயும் இதைப் பார்க்க முடியாது.

## 6. வெளிக்கோள் நாலையும் ரெண்டு ரெண்டாப் பிரிங்க

இந்தப் படிக்கு நிதானமா நேரம் கொடுங்க. வியாழன் 1.33, யுரேனஸ் 1.27. எண் ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு, அதனால ரெண்டும் ஒரே ரகம்னு போடுவாங்க. மூணாம் படியில சொன்னதை மறந்துட்டா அப்படித்தான் தோணும்.

வியாழனோட நிறை பூமியைப் போல 318 மடங்கு. அத்தனை எடை அமுக்கியும் அது 1.33தான் ஆகியிருக்குன்னா, உள்ளே இருக்குறது இருக்குறதுலேயே லேசான பொருளாத்தான் இருக்கணும், அதாவது ஹைட்ரஜன், ஹீலியம். பாறையோ தண்ணியோ இந்த அமுக்கத்துல இதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகி, கோளே சுருங்கிப் போயிருக்கும்.

இப்போ சனியையும் யுரேனஸையும் பக்கத்துல வைங்க. சனி யுரேனஸைப் போல ஆறரை மடங்கு கனம். ரெண்டும் ஒரே சரக்குன்னா எடை குறைஞ்ச யுரேனஸ் கம்மியா அமுங்கி, சனியைவிட லேசா இருக்கணும், 0.69க்கும் கீழே. ஆனா அது 1.27, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! அப்போ அதுக்குள்ளே ஹைட்ரஜனைவிடக் கனமான ஏதோ நிறைய இருக்கு. இந்த இடம் புரிஞ்சுட்டா மத்த எல்லாம் தானா வரும்.

அப்படின்னா யுரேனஸ் முழுக்கத் தண்ணியா? அதுவும் இல்ல. பதினாலு பூமி எடையில ஒரு தண்ணி உருண்டை இருந்தா அது அமுங்கி யுரேனஸைவிடச் சின்னதா இருக்கும். அதனால உள்ளே தண்ணி, அமோனியா, மீத்தேன், பாறை எல்லாம், மேல ஹைட்ரஜன், ஹீலியம் போர்வைன்னு வெச்சாதான் ஆரமும் நிறையும் ஒத்து வரும். நெப்டியூனும் அதே கதை, யுரேனஸைவிடக் கனம் அதிகம், ஆனா உருவம் கொஞ்சம் சின்னது.

இதுல பேரே ஒரு பொறி. யுரேனஸையும் நெப்டியூனையும் பனிப் பெருங்கோள்னு சொன்னதும் உறைஞ்ச பனிக்கட்டி உருண்டைன்னு நினைச்சுடுறாங்க. உள்ளே சில ஆயிரம் டிகிரி சூடு, தண்ணி அங்க அடர்த்தியான சூடான திரவமா இருக்கும். பனிங்கிறது எந்த வகைப் பொருள்னு சொல்ற பேர்தான். அதே மாதிரி வியாழனையும் சனியையும் வாயுப் பெருங்கோள்னு சொன்னாலும் வியாழனோட பெரும்பகுதி நாம நினைக்கிற வாயு இல்ல, அழுத்தம் பத்து லட்சம் அட்மாஸ்பியரைத் தாண்டின பிறகு ஹைட்ரஜன் மின்சாரம் கடத்துற உலோகத் திரவமா மாறிடும்.

யுரேனஸ்ல பனி எத்தனை பங்கு, பாறை எத்தனை பங்குன்னு ஒரே எண்ணா யாராவது கொடுத்தா அப்படியே நம்பிடாதீங்க. கொஞ்சம் பாறை, கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்தாலும் தண்ணியோட அடர்த்தியே வரும், வெவ்வேற கலவைக்கு ஒரே விடை. இதுவரைக்கும் பக்கத்துல போனது வாயேஜர் 2 மட்டும்தான், யுரேனஸுக்கு 1986ல, நெப்டியூனுக்கு 1989ல, ரெண்டு இடத்துலயும் நிக்காம கடந்து போயிடுச்சு.

## 7. இப்பதான் காற்று மண்டலம்

வெள்ளியில கார்பன் டை ஆக்சைடு 96.5 சதவீதம், தரையில அழுத்தம் பூமியைப் போல 90 மடங்குக்கும் மேல. இதைப் படிச்சுட்டு வெள்ளியும் ஒரு வாயுக் கோள் மாதிரிதானேன்னு கேட்டவங்க இருக்காங்க. எடையில பாருங்க: அவ்வளவு கனத்த காற்றும் சேர்ந்து வெள்ளியோட நிறையில பத்தாயிரத்துல ஒரு பங்குதான். பூமியோட காற்று பத்து லட்சத்துல ஒரு பங்குகூட இல்ல. உட்கோள்ல காற்று ஒரு மெல்லிசு பூச்சு, வியாழன்லயும் சனியிலயும் அதுவேதான் கோள்.

வியாழனோட மேல்காற்றுல ஹைட்ரஜன் 86, ஹீலியம் 14ன்னு ஒரு புத்தகத்துல இருக்கும், இன்னொண்ணுல ஹீலியம் 24ன்னு இருக்கும். ரெண்டும் சரிதான். முதல்ல இருக்குறது எண்ணிக்கைக் கணக்கு, ரெண்டாவது நிறைக் கணக்கு. ஹைட்ரஜன் மூலக்கூறோட எடை 2, ஹீலியம் அணுவோட எடை 4. 86 × 2 = 172, 14 × 4 = 56, மொத்தம் 228, அதுல 56ங்கிறது 24.6 சதவீதம். நாலாம் படியில சொன்ன அதே குழி இதுதான்.

இந்த எண்ணுக்கு மேல ஒரு அளவுக்குத்தான் சாயலாம். 1995 டிசம்பர்ல கலிலியோ கலத்தோட ஆய்வுக்கருவி வியாழனுக்குள்ளே விழுந்து சுமார் ஒரு மணி நேரம் தகவல் அனுப்புச்சு, அது போன ஆழம் சுமார் 150 கி.மீ., வியாழனோட ஆரமோ கிட்டத்தட்ட 70,000 கி.மீ. அதுக்குள்ளேயே நியான் எதிர்பார்த்ததுல பத்துல ஒரு பங்குதான் இருந்துச்சு, ஏன்னா ஆழத்துல ஹீலியம் துளித்துளியா மழை மாதிரி இறங்கும்போது நியானையும் கரைச்சு எடுத்துட்டுப் போயிடுது. மேல இருக்குறது உள்ளே இருக்குறதோட மாதிரி இல்லைங்கிறதுக்கு இதைவிட நேரடி சாட்சி வேண்டாம்.

## 8. கடைசியா, ஏன் இப்படிங்கிறதைச் சூட்டை வெச்சுப் பாருங்க

காரணத்தை முதல்லயே படிச்சுட்டா எண்ணை அதுக்கு ஏத்த மாதிரி வளைக்கத் தோணும், அதனாலதான் கடைசியில வெச்சேன்.

சூரியனும் கோள்களும் உருவான மூல வாயுவுல 100 கிலோ எடுத்தா சுமார் 98 கிலோ ஹைட்ரஜனும் ஹீலியமும். தண்ணி, மீத்தேன், அமோனியா மாதிரி ஆகக்கூடியது 1.4 கிலோ. பாறை 0.4, உலோகம் 0.2. இரும்பும் பாறையும் ஆயிரம் டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே கெட்டியாயிடும், தண்ணி அந்த மெல்லிய வாயுவுல உறையணும்னா மைனஸ் 100 டிகிரி பக்கம் வேணும். ஹைட்ரஜனும் ஹீலியமும் எங்கயும் உறையாது.

சூரியனுக்குப் பக்கத்துல கெட்டியானது அந்த 0.6 கிலோ மட்டும்தான், அதனால உட்கோள் நாலையும் சேர்த்தாலும் ரெண்டு பூமி எடைகூடத் தேறாது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் மூணு மடங்கு தள்ளி பனிக்கோடு, அதைத் தாண்டினா பனியும் கெட்டிப் பொருளாச் சேரும், சரக்கு மூணு மடங்கு கிட்ட கூடிடும். அங்க பத்து பூமி எடைக்கு ஒரு கரு சீக்கிரமே வளர்ந்துச்சு, வளர்ந்ததும் அதோட ஈர்ப்பு அந்த 98 கிலோவையும் இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. யுரேனஸும் நெப்டியூனும் இன்னும் தள்ளி மெதுவா வளர்ந்ததால வாயு கலைஞ்சு போறதுக்குள்ளே கொஞ்சம்தான் சேர்த்துக்க முடிஞ்சது.

"வெளிக்கோள்ல பாறை இல்லை"ங்கிற தப்பும் இங்கேயே உடையும். வியாழனுக்குள்ளே ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த கனமான பொருள் மட்டுமே உட்கோள் நாலோட மொத்த எடையைப் போல பத்து மடங்குக்கும் மேல. வியாழன் மொத்தம் பெருசா இருக்குறதால சதவீதத்துல அது அமுங்கிப் போகுது.

இங்க பழக்கமா வர்ற கேள்வி, செவ்வாயோட துருவத்துல பனி இருக்கே, பூமியில கடல் இருக்கே, பனிக்கோட்டுக்கு உள்ளே தண்ணி எப்படின்னு. ரெண்டாம் படியில பார்த்த 0.02 சதவீதத்தை நினைச்சுக்கோங்க. பனிக்கோடு சொல்றது கோளோட மொத்தச் சரக்கைப் பத்தி, வெளியில இருந்து வந்து விழுந்த கல்லோட ஒட்டிக்கிட்டு வந்த கொஞ்சூண்டு தண்ணியை அது தடுக்காது.

## 9. கத்துக்கிட்டதை வியாழனோட நிலாவுல போட்டுப் பாருங்க

வியாழனோட நாலு பெரிய நிலாவுக்கும் அடர்த்தி இது: ஐயோ 3.53, யூரோப்பா 3.01, கேனிமீட் 1.94, கேலிஸ்டோ 1.83. வரிசை வியாழன்ல இருந்து தூரம் கூடக் கூட. அமுக்கம் இங்க பெருசா இல்ல, அதனால மூணாம் படியை லேசா விட்டுடலாம். கேனிமீடுக்கு பாறை 3.5, பனி 1.2ன்னு எடுத்துக்கிட்டு நாலாம் படியைப் போடுங்க: 1.94ல இருந்து 1.2 போனா 0.74, அதை 2.3ஆல வகுத்தா 0.32, நிறையில பார்த்தா பாறை 58 சதவீதம் பக்கம். ஐயோவுக்குப் போட்டா பனிக்கு இடமே இருக்காது. பிறந்த புதுசுல வியாழன் தகதகன்னு சூடா இருந்துச்சு, அதுக்கும் ஒரு சின்னப் பனிக்கோடு இருந்துச்சு, கேலிஸ்டோவுக்கு விடை எவ்வளவு வருதுன்னு நீங்க போட்டு எழுதுங்க.